மாமாவின் ரத்தமும் மகளின் கணக்கும்

போன சனிக்கிழமை. காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு, தூக்கம் சொக்கும் கண்களோடு மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்று உண்டு. வழக்கமாக அங்கே சதுரங்கம் ஆடும் கூட்டம் இருக்கும். அன்று எதிர்வீட்டு மாமா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு படிவம்.

“தம்பி, நீ ரேடியோவுல பேசுற ஆளு. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு.”

படித்தேன். மருத்துவ ஆய்வு ஒன்றில் கலந்துகொள்ள அழைப்பு. கொஞ்சம் ரத்தம் கொடுக்க வேண்டும். அதிலிருந்து மரபணுக்களைப் படிப்பார்கள். இதய நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று பார்ப்பார்கள்.

மாமாவின் தம்பி 46 வயதில் மாரடைப்பில் போனவர். சிகரெட் கிடையாது, குடி கிடையாது. “அவன் ஏன் போனான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ரத்தம் கொடுக்கப் பயமில்ல தம்பி. எடுத்துக்கிட்டுப் போயி என்ன செய்வாங்க? மெஷினுல போட்டா பதில் வந்துருமா?”

‘வந்துரும் மாமா’ என்றுதான் சொல்லியிருப்பேன். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் ரத்தத்தை ஊற்றினால், மறுபக்கம் ஏடிஎம் ரசீது மாதிரி விடை வரும் என்று.

நல்லவேளையாக, அந்த நேரம் பார்த்து மாமாவின் மகள் காப்பிக் கடையிலிருந்து மூன்று காப்பி கட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். கேள்வியைக் கேட்டுச் சிரித்தாள்.

“அப்பா, மெஷினே பதில் சொல்லிட்டா எனக்கு எதுக்குப்பா சம்பளம் கொடுக்குறாங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். நான்கு வருடமாக அந்தப் பெண் தினமும் காலையில் மார்சிலிங்கில் ரயில் ஏறி, ஜூரோங் ஈஸ்ட்டில் மாறி, தீவின் மேற்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போகிறாள். யார் கேட்டாலும் மாமா சொல்லும் பதில் ஒன்றுதான்: “கம்ப்யூட்டர் வேலை.”

அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெயர் உயிர்த்தகவலியல். பல்கலைக்கழகத்தில் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய் என்று ஆளுக்கு ஒன்றாக ஆராய்கிறவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்வார்கள். சோதனை முடிந்ததும் மலைபோல் தரவு குவியும். அதைப் படித்துப் பொருள் சொல்ல அவர்களில் பலருக்கு நேரமோ பயிற்சியோ இருக்காது. அதற்காகவே சில பேர் கொண்ட உதவிக் குழு ஒன்று இருக்கும். அந்தக் குழுவில் ஒருத்திதான் இவள்.

காப்பி ஆறும்வரை அவள் சொன்னதைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

கிழித்துப் போட்ட நாளிதழ்

“அண்ணே, உங்க கையில இருக்குற பேப்பரை எடுத்துக்குங்க” என்று ஆரம்பித்தாள். “அதே பேப்பர் 30 பிரதி. எல்லாத்தையும் பொடிப்பொடியாக் கிழிச்சுக் கலந்துட்டு, மறுபடி ஒரு முழுப் பேப்பரா ஒட்டச் சொன்னா எப்படி இருக்கும்? அதுதான் என் வேலையோட முதல் படி.”

மனிதனின் மரபணுத்தொகுதி என்பது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். அதை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் பெரும்பாலான இயந்திரங்களால் படிக்க முடியாது. பரவலாகப் பயன்படும் இயந்திரங்கள் சுமார் 150 எழுத்துகள் கொண்ட துண்டுகளாகத்தான் படிக்கும். பிழை வராமல் இருக்க ஒவ்வோர் இடத்தையும் சராசரியாக 30 முறை படிப்பது வழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மனிதருக்கு 60 கோடித் துண்டு. அதை ஒட்டிச் சேர்ப்பது கணினிதான். ஆனால், எந்த மென்பொருளை, எந்த விதியில் ஓட்டுவது, எந்தத் துண்டை நம்புவது, எதைத் தள்ளுவது என்று சொல்வது மனிதர்.

ஒட்டி முடித்தாலும் விடை வந்துவிடாது. உலகம் முழுக்க ஒப்பீட்டுக்கு வைத்திருக்கும் மாதிரித் தொகுதியோடு பொருத்தினால், நீங்களும் நானும் ஒவ்வொருவரும் அதிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் மாறுபடுவோம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத மாற்றங்கள். மூக்கு கொஞ்சம் நீளம், முடி கொஞ்சம் சுருட்டை என்பது போலத்தான். மாமாவின் தம்பியைக் கொண்டுபோன எழுத்து ஒன்று இருந்தால், அது இந்த 50 லட்சத்துக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்.

“தேடினா கிடைச்சிடாதா?” என்றேன்.

“தேடினா எதுவும் கிடைக்கும்ணே. அதுதான் ஆபத்தே.”

மாமாவுக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்ன உதாரணம் நாலு நம்பர். ஒவ்வொரு குலுக்கலிலும் 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு விழுகிறது. விழுந்த எண்ணுக்கு ஏதோ தனிச் சக்தி இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரிப்போம். (மாமா சிரிக்கவில்லை. அவருக்கு ஓர் எண் இருக்கிறது.) மனித உடலில் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. நோயாளிகளுக்கும் நோயில்லாதவர்களுக்கும் இடையே இவற்றில் எது வித்தியாசப்படுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறோம். 100 சோதனைக்கு 5 தவறான எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை என்ற வழக்கமான அளவுகோலை அப்படியே வைத்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் 1,000 மரபணுக்கள் ‘நான்தான், நான்தான்’ என்று கை தூக்கும். அந்த ஆயிரம் பொய்க் கைகளை இறக்கிவிடுவது அவளுடைய வேலையில் பாதி.

திங்கள் நோயாளி, வெள்ளி ஆரோக்கியம்

ஒருமுறை ஆய்வாளர் ஒருவர் துள்ளிக்கொண்டு வந்தாராம். நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே நூற்றுக்கணக்கான மரபணுக்களில் வித்தியாசம். பெரிய கண்டுபிடிப்பு! இவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எந்த மாதிரியை என்றைக்கு இயந்திரத்தில் போட்டீர்கள்? நோயாளிகளின் மாதிரிகள் எல்லாம் திங்கட்கிழமை. மற்றவர்களுடையது எல்லாம் வெள்ளிக்கிழமை. அதே வாரத்தில் ரசாயனக் குப்பியும் மாறியிருந்தது.

அப்படியென்றால் அவர் பார்த்தது நோயின் வித்தியாசமா, நாளின் வித்தியாசமா? சொல்ல வழியே இல்லை. எந்த மென்பொருளாலும் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது. மாதங்கள் போயின, பணம் போயிற்று. எல்லாவற்றையும்விட, நம்பி ரத்தம் கொடுத்தவர்களின் ரத்தமும் வீணாயிற்று.

இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. ஒரு விருந்தினரை ஒலிப்பதிவுக்கூடத்தில் உட்காரவைத்துப் பதிவு செய்கிறோம். இன்னொருவரைத் தொலைபேசியில் பிடிக்கிறோம். கேட்கிற நேயர், இரண்டாமவருக்குத் தொண்டை சரியில்லை போலும் என்று நினைப்பார். குறை தொண்டையில் இல்லை, தொலைபேசி இணைப்பில். பதிவு செய்யும்போதே சரியாகச் செய்யாவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார ஒலிப்பொறியாளராலும் பிறகு அதை மீட்க முடியாது.

மாதிரிகளை இரண்டு நாளுக்கும் கலந்து பிரித்துப் போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதற்கு ஐந்து நிமிட யோசனை போதும். ஆனால், அந்த ஐந்து நிமிடம் சோதனைக்கு முன்னால் வேண்டும். புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் 1938-இல் கல்கத்தாவில் நடந்த இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் இதைத்தான் சொன்னார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரை அழைப்பது பிரேதப் பரிசோதனைக்கு அழைப்பது போல. எதனால் செத்தது என்று வேண்டுமானால் அவர் சொல்வார் என்பது அவர் கருத்து. ஏறக்குறைய 90 வருடம் ஆகிறது. எதிர்வீட்டுப் பெண் இன்னமும் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறாள்.

மரபணு தேதியான கதை

அலுவலகத்தில் எக்ஸெல் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். ‘மார்ச்1’, ‘செப்ட்2’ என்ற பெயர்களில் சில மரபணுக்கள் இருந்தன. அந்தப் பெயரை எக்ஸெல் கட்டத்தில் போட்டதும், நமக்கு உதவுவதாக நினைத்து, அது மார்ச் 1 என்றும் செப்டம்பர் 2 என்றும் தேதியாக மாற்றிவிடும். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவில் யார் கவனிப்பது?

இதை 2004-லேயே சிலர் எச்சரித்தார்கள். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 3,597 ஆய்வுக் கட்டுரைகளோடு இணைத்திருந்த எக்ஸெல் கோப்புகளைத் திறந்து பார்த்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு கட்டுரையில் மரபணுப் பெயர்கள் கெட்டுப்போயிருந்தன. கடைசியில் மனிதர்கள்தான் இறங்கிவந்தார்கள். மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் அனைத்துலகக் குழு 2020 வாக்கில் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. தேதியாக மாற்றும் வழக்கத்தை நிறுத்திவைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொடுத்தது.

சிரிக்கலாம். ஆனால், ஒரு வரி பிசகினால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடும் என்பதற்கும் கதை இருக்கிறது. அவள் அதைச் சொன்னபோது மாமா காப்பியை மேசையில் வைத்துவிட்டார்.

2006-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, புற்றுக்கட்டியின் மரபணுச் செயல்பாட்டைப் பார்த்தே எந்த மருந்து எந்த நோயாளிக்குப் பலிக்கும் என்று சொல்லலாம் என அறிவித்தது. உலகமே கைதட்டியது. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர்களும் அந்த முறையைப் பயன்படுத்த ஆசைப்பட்டு, சரிபார்த்துத் தரும்படி தங்கள் மையத்தின் தரவுப் பகுப்பாய்வாளர்கள் கீத் பேகர்லி, கெவின் கூம்ஸ் இருவரையும் கேட்டார்கள்.

அந்த இருவரும் எண்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது. ஒரு மரபணுவின் அளவு பக்கத்து மரபணுவின் பெயரில் உட்கார்ந்திருந்தது. சில இடங்களில் ‘மருந்து பலிக்கும்’, ‘பலிக்காது’ என்ற குறிகளே தலைகீழாக இருந்தன. அதாவது, எந்த மருந்து வேலை செய்யாதோ அதையே நோயாளிக்குப் பரிந்துரைக்கும் நிலை. இதற்கிடையே 2007-லிருந்து டியூக்கில் அந்த முறையை நம்பி உண்மையான புற்றுநோயாளிகளைச் சேர்த்துச் சோதனைகள் நடந்துகொண்டிருந்தன. இருவரும் தாங்கள் கண்டதை 2009-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2010-இல் சோதனைகள் நின்றன, கட்டுரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. முதன்மை ஆய்வாளர் தரவுகளைத் திரித்திருந்தார் என்று 2015-இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு சொன்னது.

அந்தச் சோதனைகளில் சேர்ந்த நோயாளிகளும் ஒரு நாள் மாமாவைப் போல ஒரு படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நம் எழுத்துகள் எங்கே?

“அப்ப நான் கையெழுத்துப் போட வேண்டாமா?” என்றார் மாமா.

“போடணும்பா. நம்மாளுங்க போடாததுதான் இன்னொரு பிரச்சினை.”

உலகில் இதுவரை நடந்த பெரிய மரபணுத் தொடர்பு ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் ஐரோப்பிய வம்சாவளியினர் என்று 2019-இல் வந்த கணக்கு சொல்கிறது. ஆக, ஒரு தமிழரின் ரத்தத்தில் அபூர்வமான எழுத்து ஒன்று தெரிந்தால், அது நோயா அல்லது நம் ஊரில் பலருக்கும் சாதாரணமாக இருப்பதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் போதவில்லை.

சிங்கப்பூர் இதில் முன்கூட்டியே விழித்துக்கொண்ட நாடு. மரபணுத்தொகுதிக் கழகம் 2000-இல் தொடங்கியது. உயிர்த்தகவலியல் கழகம் 2001-இல் வந்தது. புவன விஸ்தாவில் பயோபொலிஸ் 2003-இல் திறந்தது. அங்கே ஒரு கட்டடத்துக்குப் பெயரே ‘ஜீனோம்’. 2019 அக்டோபரில் எஸ்ஜி10கே என்ற திட்டத்தின் முதல் பெரிய முடிவு ‘செல்’ ஆய்விதழில் வந்தது. சீனர்கள் 2,780 பேர், மலாய்க்காரர்கள் 903 பேர், இந்தியர்கள் 1,127 பேர், ஆக 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத்தொகுதி. அதில் கண்ட எழுத்து மாற்றங்கள் 9 கோடியே 83 லட்சம். பாதிக்கு மேல் உலகின் எந்தப் பட்டியலிலும் அதுவரை இல்லாதவை! அடுத்த கட்டமாக வந்தது 100,000 பேரைச் சேர்க்கும் எஸ்ஜி100கே.

ஆட்கள் சேர்ந்தால் மட்டும் போதாது, படிப்பவரும் வேண்டும் என்பதற்கு இதயத்தைப் பற்றிய ஒரு கதையே சாட்சி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியைத் தொடங்கிய பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு 2009-இல் ஒன்றைக் கண்டது. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதற்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருந்தது. அந்த விடுபாடு தெற்காசியர்களில் 100-க்கு 4 பேரிடம் இருந்தது. அவ்வளவு பேரும் பயப்பட வேண்டுமா?

2018-இல் அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்கள் 2,401 பேரிடம் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். அந்த 25 எழுத்து இல்லாதவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதே மரபணுவில் இன்னோர் எழுத்தும் மாறியிருந்தது. நோயின் தொடக்க அறிகுறிகளோடு தொடர்பு தெரிந்தது முக்கியமாக அந்தச் சிறு பிரிவில்தான். 2009-இல் கண்டது ஒரு வாசல். உள்ளே எந்த அறை என்பதைக் காட்டியது இரண்டாவது வாசிப்பு. அந்த இரண்டாவது வாசிப்பு மீதிப் பேரில் எத்தனை பேரின் தூக்கத்தைக் காப்பாற்றும் என்று நினைத்துப் பாருங்கள்.

நன்றி என்று ஒரு வரி

“இவ்வளவு செய்றியே, உன் பேரு எதுலயாவது வருமா?” என்று மாமா கேட்டார். நான்கு வருடத்தில் முதல்முறையாக.

“சில கட்டுரையில வரும்பா. சிலதுல கடைசியில ‘உதவிய குழுவுக்கு நன்றி’ன்னு ஒரு வரி வரும். சிலதுல அதுவும் வராது.”

எனக்கு வலித்தது, எங்கள் தொழிலிலும் இதுதானே நடக்கிறது. உங்களுக்குத் தெரிவது என் குரல். அந்தக் குரலில் கரகரப்பைச் சுத்தம் செய்தவர், தவறாகப் படிக்கவிருந்த பெயரைக் கடைசி நொடியில் திருத்தியவர், இவர்கள் யாரையும் உங்களுக்குத் தெரியாது. ஆனால், வானொலியில் பெயர் சொல்லாவிட்டால் மனம்தான் நோகும். ஆய்வுலகில் பெயர் இல்லாவிட்டால் அடுத்த வேலையே கிடைக்காமல் போகலாம். அதைவிடப் பெரிய இழப்பும் உண்டு. பெயர் போடாதவரைச் சோதனைக்கு முன்னால் யாரும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. திங்கள், வெள்ளிக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவ இதழ் ஆசிரியர்களின் அனைத்துலகக் குழுவின் விதி இதில் தெளிவாக இருக்கிறது. தரவைப் பகுத்தாய்வதில் கணிசமான பங்காற்றி, கட்டுரையை எழுதவோ திருத்தவோ கைகொடுத்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, பொறுப்பும் ஏற்பவர் அதன் ஆசிரியர்களில் ஒருவர்தான். விதி இருக்கிறது. வழக்கம்தான் வர வேண்டும்.

பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிக்கும், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்றால், பெற்றோர்களே, இந்தத் துறை இருக்கிறது என்பதை அவர்கள் காதில் போட்டுவையுங்கள். கணினி நிரல், புள்ளியியல், உயிரியல் மூன்றும் கலந்த வேலை. இதற்கான ‘ஆர்’ மொழி, ‘பயோகண்டக்டர்’, ‘கேலக்ஸி’ போன்ற கருவிகள் இலவசம்.

நான்காவது கேள்வி

படிவத்துக்கு வருவோம். நம் நாட்டில் இதற்கென்றே 2015-இல் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் வந்தது. விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு. மகள் ஒரு பேனாவை எடுத்து, அப்பா கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினாள். என் ரத்தமும் தரவும் எவ்வளவு காலம், எங்கே இருக்கும்? வேறு ஆய்வுக்கும் கொடுப்பீர்களா? என் உடல்நலத்துக்கு முக்கியமான ஏதாவது தற்செயலாகத் தெரிந்தால் எனக்குச் சொல்வீர்களா?

மூன்றாவது கேள்வி முக்கியம். உதாரணத்துக்கு, பரம்பரையாக வரும் அதீதக் கொழுப்பு. பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர இரண்டில் ஒரு வாய்ப்பு. இளவயது மாரடைப்புக்கு அது ஒரு காரணம். ஆனால், முன்கூட்டியே தெரிந்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். சுகாதார அமைச்சு 2025-இல் இதற்கென்றே தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் யாராவது சின்ன வயதில் மாரடைப்பில் போயிருந்தால், ஆய்வில் சேர்கிறோமோ இல்லையோ, மருத்துவரிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மாமா இத்தனை வருடம் எந்த மருத்துவரிடமும் தம்பியைப் பற்றிச் சொன்னதில்லையாம். “யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

மூன்று கேள்விகளையும் படித்துவிட்டு மாமா பேனாவை வாங்கினார். கீழே நான்காவதாக ஒன்றைத் தன் கையெழுத்தில் எழுதினார்.

“இதைப் படிக்கப் போறது யாரு?”

எழுதிவிட்டு மகளைப் பார்த்தார். “உன்னை மாதிரி ஒருத்தர் அங்க இருக்காங்கன்னு சொன்னா, கையெழுத்துப் போட்டுர்றேன்.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே போன மாமா, அங்கே நின்றிருந்த மூன்றாம் மாடிக்காரரிடம் பேச்சுக் கொடுப்பது என் காதில் விழுந்தது.

“என் மக என்ன வேலை பாக்குறா தெரியுமா? உக்காருங்க, சொல்றேன்.”